பத்தில் ஒன்று

ஒரு மழைக்காலம் முழுவதும் மேல்மாடி அக்கா வீட்டில் இட்லி கல்லாக இருந்தது. யாருக்கும் சமைக்கத் தெரியாமல் இல்லை. மாவு பொங்கவில்லை, ஏன் பொங்கவில்லை என்பதை அக்கா கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். முதலில் உளுந்தை மட்டும் மாற்றினார். ஒரு வாரம் அந்த இட்லி. பிறகு பழைய உளுந்துக்கே திரும்பி அரிசியை மாற்றினார். அடுத்து அரிசியும் பழையது, தண்ணீர் மட்டும் புதிது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் மறுநாளே நல்ல இட்லி கிடைத்திருக்கும் என்று அவர் கணவர் சொல்லிப் பார்த்தார்.

"கிடைச்சிருக்கும். எதனால கிடைச்சதுன்னு தெரிஞ்சிருக்காது," என்றார் அக்கா.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? திங்கத்தான போறோம்?"

அக்கா அடுத்த நாளுக்கான உளுந்தை அளந்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் காரணம் உப்பு. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கும் ஒரு தட்டு வந்தது. நல்ல இட்லி. ஆனால் அவர் கணவர் அண்ணாச்சி அதற்குள் காலையில் ரொட்டி சாப்பிடப் பழகிவிட்டிருந்தார்.

செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் அவர்கள் மூன்றாவது மாடி, நான் அவர்களுக்கே வாடகை கொடுத்து இரண்டாவதில். மென்பொருள் வேலைக்காக ஈரோட்டிலிருந்து வந்தவன் நான். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், வங்கியில் மேலாளர். அக்கா பிறந்ததே செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பணிமனை வேலைக்கு வந்தவர். அதனால் அக்காவின் தமிழில் ஆமாம் என்ற சொல்லே கிடையாது, ஹவ்தான். வேண்டாம் என்பதற்கு நக்கோ. பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. பழுதாகி வரும் சர்க்யூட் போர்டுகளில் எந்த உறுப்பு பழுது என்று பார்த்துச் சொல்வது. ஒன்றைக் கழற்று, மாற்று, பார், சரியாகவில்லையென்றால் பழையதையே திரும்பப் போடு, அடுத்ததைக் கழற்று. இதை அவர் வேலையாகச் செய்தார் என்று சொல்வது சரியாகாது. அவர் அப்படிப்பட்ட ஆளாக இருந்தார், தொழிற்சாலை அதற்குச் சம்பளம் கொடுத்தது.

ஒரு முறை எனக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் மூன்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு நாளில் குணமானது. ரசம் கொண்டுவந்த அக்கா மாத்திரை அட்டைகளைப் பார்த்தார்.

"மூணையும் ஒண்ணாவா போட்ட?"

"ஆமாங்கக்கா."

"அய்யோ," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அக்கா துப்பாக்கி சுடுவார் என்பது எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. மேலே அவ்வப்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். யாரோ டப்பாவை மூடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வாடகை ரசீது வாங்க ஒரு நாள் போனபோது அண்ணாச்சி கதவைப் பாதி திறந்து, "சுவரோட ஒட்டி வாங்க தம்பி," என்றார். சமையலறையின் கடைசி மூலையில் தடித்த கான்வாஸ் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் காற்றுத் துப்பாக்கியோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். கூடத்தைக் கடந்து, படுக்கையறைக்குள்ளே பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதில் ஒட்டிய காகிதத்தில் கறுப்பு வட்டம். இரண்டுக்கும் நடுவே சரியாகப் பத்து மீட்டர். அந்த வீட்டை வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. விற்க வந்தவர் கிழக்கு வாசல், காற்றோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாராம்.

அண்ணாச்சி அந்தப் பாதையைக் கடக்க வேண்டியிருந்தால் ஒரு கையைத் தூக்குவார். அக்கா துப்பாக்கியை இறக்குவார். அவர் காப்பியோடு கடப்பார். அக்கா மறுபடி தூக்குவார்.

நான் அவரோடு திருமுல்கேரிப் பக்கம் உள்ள ரைஃபிள் கிளப்புக்குப் போக ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். எனக்கு ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் காகிதம் முழுக்கப் பொரி இறைத்ததுபோல் இருக்கும். கிளப்பில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மூச்சைப் பிடி என்பார் ஒருவர், பிடிக்காதே என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நேத்து சுட்டதுக்கும் இன்னைக்குச் சுட்டதுக்கும் நடுவுல என்ன மாத்துன?"

யோசித்துப் பார்த்தேன். வேறு டப்பா குண்டு. புது ஷூ. கண்ணாடியைத் துடைத்தேன். தோளில் ஊன்றும் பின்கட்டையைக் கொஞ்சம் நீட்டினேன். நிற்கும் கோணமும் வேறு.

"அஞ்சு மாத்தியிருக்க. அப்ப உன் கையில இருக்கறது ரைஃபிள் இல்ல தம்பி. கிச்சடி."

அந்த ஈயக் குண்டுகள் ஒரு மிளகு அளவு இருக்கும். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் விரிந்திருக்கும். விரிந்த பகுதிக்குப் பாவாடை என்று பெயர். ஒரே டப்பாவில் இருப்பவையே ஒன்றுபோல் இருக்காது. எடை மயிரிழை கூடும், குறையும், பாவாடை நசுங்கியிருக்கும். நசுங்கியது வளைந்துதான் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா நகைக்கடைத் தராசை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குண்டாக நிறுத்துக் கிண்ணங்களில் பிரிப்பார். பிறகு கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்ப்பார். வங்கியின் மண்டல அதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தபோது அக்கா ஒரு குண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பாவாடை சரியில்ல," என்றார். அண்ணாச்சி அவசரமாக எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார்.

அக்காவுக்குப் பிரச்சினை தொடங்கியது ஒரு கோடையில். ஒன்பது குண்டு ஒரே இடத்தில் விழும். ஒன்று எங்கோ தள்ளிப் போகும். அது மூன்றாவதாகவும் இருக்கும், எட்டாவதாகவும் இருக்கும். ஒரு நாள் வராது, மறுநாள் இரண்டாக வரும். கிளப்பில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பதை நெருங்குகிறவருக்குப் பத்தில் ஒன்று தவறுவது இயல்பு என்றார்கள். அக்காவுக்கு இயல்பு என்ற சொல் பிடிக்காது. "இயல்புன்னா காரணம் தேடச் சோம்பலா இருக்குன்னு அர்த்தம்," என்றார்.

குண்டிலிருந்து ஆரம்பித்தார். வேறு தொகுதிக் குண்டு வாங்கிச் சுட்டார். ஒன்று தள்ளிப் போனது. பழைய தொகுதிக்குத் திரும்பினார். குழாயைச் சுத்தம் செய்தார். மரக்கட்டையைப் பிடிக்கும் திருகுகளை அளந்து முறுக்கினார். குறிக்கண்ணைக் கழற்றி மாட்டினார். காற்று உருளையை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். ஒவ்வொரு வாரமும் ஒன்று தள்ளிப் போனது.

பிறகு தொழிற்சாலை நண்பர் ஒருவரிடமிருந்து கனமான பட்டறைப் பிடி ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் முடுக்கினார். துப்பாக்கியை அதில் இறுக்கி, ஆள் தொடாமல் விசையை மட்டும் அழுத்தினார். பத்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. இன்னொரு பத்து. அதே ஓட்டை. அண்ணாச்சி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப துப்பாக்கி நல்லாயிருக்கு," என்றார்.

"ஹவ். குண்டும் நல்லாயிருக்கு."

"அப்ப என்ன மிச்சம்?"

அக்கா மேசைப் பிடியைத் தளர்த்தினார். "நான்தான்," என்றார், தக்காளி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

தன்னையும் அதே முறையில்தான் பார்த்தார். ஒரு வாரம் காப்பி இல்லை. மறுவாரம் காப்பி உண்டு, கண்ணாடி புதிது. அடுத்த வாரம் பழைய கண்ணாடி, வேறு ஷூ. மாடி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதை அந்தச் சமயத்தில் நான் கவனித்தேன். அண்ணாச்சி என்னைவிட முன்பே கவனித்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்று கெஞ்சினார்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல பார்த்தா எதைத் தேடறோம்னே தெரியாது. நக்கோ," என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். நான் படுக்கையறை வாசலில் சுவரோடு ஒட்டி நின்று, தொலைநோக்கியில் காகிதத்தைப் பார்த்துக் குண்டு விழுந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி அக்காவுக்குப் பின்னால் நின்று கழுத்து நரம்பில் விரல் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பிடித்து நிற்கும்போது நாடித்துடிப்பு குழாயின் நுனி வரை வரும்; தேர்ந்தவர்கள் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில்தான் விசையை அழுத்துவார்கள். அந்தத் துடிப்பை வெளியிலிருந்து ஒருவர் எண்ணினால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

அண்ணாச்சி வங்கிக்காரர். நோட்டு எண்ணுவதுபோல் மெல்லிய குரலில் "ம்... ம்... ம்..." என்று எண்ணிக்கொண்டே வந்தார். டப். "பத்து," என்றேன் நான்; நடு வட்டத்துக்குப் பத்துப் புள்ளி. மறுபடி ம்... ம்... டப். "பத்து." அந்த வீடே ஒரு கடிகாரம்போல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அண்ணாச்சியின் குரல் நின்றது.

"என்ன?" என்றேன்.

"நின்னு போச்சு," என்றார். அதற்குள் டப் என்று சத்தம் கேட்டுவிட்டது. காகிதத்தில் பார்த்தேன். குண்டு மேலே வலப்பக்கம் நாலாம் வட்டத்தில் கிடந்தது.

"இப்ப அடிக்கி. வேகமா அடிக்கி. பழையபடி ஆயிட்டு," என்றார் அண்ணாச்சி. அவர் முகம் வெளுத்திருந்தது. அக்காவின் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பல மாதமாகத் தேடிய பழுது கையில் சிக்கிய சந்தோஷம்.

"இதான்! விரலை எடுக்காதீங்க. மறுபடி பாக்கலாம்."

"மறுபடியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சேலையை மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஒரு தடவை நடந்தது ஆதாரம் இல்லங்க. அது தற்செயலா..."

"ஏளா!" என்று கத்தினார் அண்ணாச்சி. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "குண்டை மாத்துன, திருகாணிய முறுக்குன, கண்ணாடிய மாத்துன. உனக்கு ஒண்ணுன்னா நான் எதை மாத்திப் பாக்க? இன்னொரு ஆளையா உள்ள வச்சிருக்கேன்?"

அக்கா துப்பாக்கியைக் கீழே வைத்தார். உள்ளே குண்டு இல்லையே என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பிறகு சேலை மாற்றப் போனார்.

தார்நாகாவில் ஒரு மருத்துவமனை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். படம் போட்டதுபோல் ஒழுங்காக வந்தது. இளம் டாக்டர், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

"சோதனைக்கு வந்தா ஒழுங்காத்தான் இருக்கும். எங்க போர்டும் இப்படித்தான். ஓட்டத்துல வச்சுப் பாருங்க," என்றார் அக்கா.

டாக்டர் கொஞ்சம் வியந்து, ஒரு நாள் முழுக்க இதயத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவியை நெஞ்சில் ஒட்டி அனுப்பினார். அதையும் மாட்டிக்கொண்டு அக்கா சுட்டார். மறுநாள் வரைபடத்தைப் பார்த்த டாக்டரின் பேச்சு மாறிவிட்டது. இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பை முந்திக்கொண்டு துடித்து, பிறகு தயங்கி, அடுத்ததை ஓங்கி அடிக்கிறது. சில நேரம் அப்படித் தொடர்ச்சியாகவே அடித்திருக்கிறது. இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் மாடிப்படியில் விழுந்திருப்பீர்கள் என்றார். மாத்திரை எழுதினார். இன்றிலிருந்தே மாத்திரை, இன்றிலிருந்தே காப்பி நிறுத்தம், இன்றிலிருந்தே சீக்கிரம் தூக்கம்.

"மூணும் ஒண்ணாவா?" என்று கேட்டார் அக்கா.

"ஒண்ணா," என்றார் அண்ணாச்சி, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அக்கா மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "டாக்டர், இந்த வகை மாத்திரை எங்க போட்டியில தடை."

டாக்டருக்கு அது தெரியாது. அக்கா விளக்கினார். இதயத்தை நிதானமாக்குகிற மாத்திரை அது. கை நடுங்காது. மற்ற விளையாட்டுக்காரர்கள் வேகத்துக்காகத் திருட்டுத்தனம் செய்வார்கள் என்றால், துப்பாக்கிக்காரர்கள் இந்த நிதானத்துக்காகச் செய்வார்கள்.

"அப்ப இதைச் சாப்பிட்டா நீங்க முன்னைவிட நல்லா சுடுவீங்கன்னு சொல்லுங்க," என்று சிரித்தார் டாக்டர்.

"ஹவ்," என்றார் அக்கா. "அதான் கஷ்டம்."

மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. அக்கா விழுங்கும் வரை அண்ணாச்சி நின்று பார்ப்பார். மூச்சு வாங்குவது குறைந்தது. துப்பாக்கிப் பெட்டி மட்டும் சில வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு ஒரு மாலை மேலே டப் என்று கேட்டு நான் ஓடினேன். பத்து குண்டும் ஒரே கிழிசலாக, மேசைப் பிடியில் வைத்துச் சுட்டதுபோல் இருந்தது. அதை அவர் கையால் சுட்டிருந்தார். நான் கை தட்டினேன். அக்கா காகிதத்தைக் கிழித்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

கிளப் செயலாளருக்கு விஷயம், மாத்திரை உட்பட, எப்படியோ போய்விட்டது. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன். நகரத்துக் கிளப்புகளுக்கு நடுவில் ஒரு போட்டி வரவிருந்தது. பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும். எங்களிடம் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் மட்டுமே இருந்தார்கள். மூன்றாவது ஆள் இல்லையென்றால் அணியே இல்லை. செயலாளர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேடம், இது சின்னப் போட்டி. எவரு சூஸ்தாரு?" என்றார் தெலுங்கில். யார் பார்க்கப்போகிறார்கள்?

"நான் பாக்கறேனே," என்றார் அக்கா.

செயலாளர் சிரித்துவிட்டு, அக்கா வழிக்கு வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் பெயரைக் கொடுத்துவிட்டார். போட்டியன்று காலை அக்கா ஜாக்கெட்டும் பெட்டியுமாக வந்து இறங்கியதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு பெண்களும் ஓடிவந்து அக்காவின் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். அக்கா நேராக நடுவர் மேசைக்குப் போனார். எல்லோருக்கும் கேட்கும்படி, தான் இன்ன மாத்திரை சாப்பிடுவதாகவும், அது தடை செய்யப்பட்டது என்றும், அணியில் தன்னைச் சேர்க்கக் கூடாது என்றும், அனுமதித்தால் கணக்கில் சேராமல் கடைசி வரிசையில் நின்று சுட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னார். நடுவர் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சரி என்றார்.

அணி போயிற்று. பெண்களில் ஒருத்தி பெட்டியை அங்கேயே தரையில் வைத்துவிட்டு விலகினாள். "ஃபிர் கைக்கூ ஆயே ஆன்ட்டி?" என்று இன்னொருத்தி இந்தியில் கேட்டாள். அப்ப எதுக்கு வந்தீங்க? கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். எனக்கும் அந்த நேரத்தில் அக்கா மேல் கோபம்தான் இருந்தது. வீட்டிலேயே இருந்திருக்கலாம். அல்லது வாயை மூடிக்கொண்டு சுட்டிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் இது என்ன?

ஆனால் கடைசி வரிசையில் அக்கா சுட ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் குண்டு விழும் இடத்தைக் காட்டும் அவர் திரையைப் பார்க்க வந்து நின்றார்கள். திரையில் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூடத் தள்ளிப் போகவில்லை. முதல் பரிசு பெறப் போகிற பெண் தன் முறையை முடித்துவிட்டு வந்து பார்த்தாள். கடைசிக் குண்டுக்குப் பிறகு கூட்டுத்தொகை வந்தது. அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் எடுத்திராத எண். செயலாளர் அதைப் பார்த்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நடுவர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரை வெறுமையானது.

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து, அக்காவின் ஜாக்கெட் வார்களைக் கழற்றிவிட்டாள்.

திரும்பும்போது அண்ணாச்சி காரை ஓட்டினார். நான் பின்னால். அண்ணாச்சி எத்தனை புள்ளி என்று கேட்கவில்லை. அவர் வழக்கமே அதுதான். மௌலாலி வந்ததும் அக்காவாகவே ஆரம்பித்தார்.

"முன்னாடில்லாம் தூக்கிப் பிடிச்சு நின்னா உள்ள அடிக்கறது கேக்கும். ஒரு அடி, இன்னொரு அடி, நடுவுல நான். இப்ப ஒண்ணும் கேக்கல. எப்ப அமுத்துனாலும் பத்துதான். ஆளில்லாத வீட்டுல போய் நிக்கற மாதிரி இருக்கு."

அண்ணாச்சி ஒரு லாரியைக் கடந்து, பழைய தடத்துக்கு வந்து, சிவப்பு விளக்கைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"ஆளில்லாம என்ன? நான் இருக்கேம்லா," என்றார், சாலையைப் பார்த்தபடியே.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு, "ஹவ்," என்றார்.